மல்லாந்து நீந்தும் மீன்: பேராசிரியர் யேசுரத்தினம் நினைவாக

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே! உடன் பணியாற்றிய ஆசிரியப் பெருமக்களே! மாணவச் செல்வங்களே! முன்வரிசையில் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கும் பேராசிரியரின் துணைவியார் சகோதரி சத்தியபாய் அவர்களே!

நீறு பூசிய நெற்றியோடு தமிழ்ப் பண்டிதனாகிய நான், சிலுவையின் நிழலில் உறங்கும் என் நண்பருக்காகப் பேச எழுந்திருக்கிறேன். எங்கள் இருவரையும் படைத்தவன் ஒருவனே என்று நம்புகிறவன் நான். ஆகவே கூச்சமில்லை. ஆனால் நாவு எழவில்லை.

யார் அந்த யேசுரத்தினம்? விலங்கியல் பேராசிரியர் என்பீர்கள். போர்க்காலத்தில் மலேரியாத் தடுப்புப் பிரிவோடு எகிப்துக்குப் போய்வந்தவர் என்பீர்கள். நான் சொல்லுவேன்: அந்நாட்டின் பழைய மன்னர் காலத்துக் கல்லறைச் சுவர்களில் பெயரற்று நீந்திக்கொண்டிருந்த மீன்களுக்குப் பெயர் சொன்னவர்! அங்கே அரசர்கள் மண்ணாகிவிட்டார்கள். மீன்கள் மட்டும் கல்லில் இன்னும் துள்ளுகின்றன. அவற்றுள் கெளுத்தி இனத்தை மட்டுமே தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். நீண்ட முதுகுத்துடுப்பும் வட்ட வாலும் இருந்தால் ஒரு வகை; முதுகுத்துடுப்பே இல்லாத தடித்த உடலென்றால், தொட்டவன் கையை உதறவைக்கும் மின்கெளுத்தி; முதுகில் முள்ளும் கவைத்த வாலும் இருந்தால் வேறொன்று. ஒவ்வொன்றையும் உயிருள்ள மீனோடு ஒப்பிட்டு, படமாக வரைந்தார்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“பண்டிதரே, ஒம்ம பழைய பாட்டுகள்ல கெளிறுன்னு ஒரு மீன் வருமே, அதுக்கு மீச எத்தன சோடி?”

“பாட்டுக் கெட்டினவன் மீசய எண்ணல்லியே” என்றேன்.

“கல்லு கொத்தினவன் எண்ணியிருக்கான் வே!” என்று மேசையைத் தட்டிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அது கால்வாய்ப் பாலத்துக்கு வந்ததும் நின்றுவிடும் என்பதை நான் மட்டும் அறிவேன்.

அன்பர்களே! அவர் எகிப்தில் இருந்தபோது, பேச்சிப்பாறையில் அணை திறந்து கால்வாயில் புதுவெள்ளம் வந்த நாளில், அவருடைய ஒரே மகள் பூங்கனி குளிக்க இறங்கினாள். மறுநாள் விடிந்தபின் கண்டெடுத்தார்கள். முகம் வானத்தை நோக்கி இருந்தது. தகப்பனுக்குச் செய்தி எட்டச் சில மாதங்கள் ஆயின.

அந்தச் செய்தி வருமுன்பே அவர் அந்தக் கல்லறைச் சுவரைப் பார்த்திருந்தார். மற்ற மீன்கள் நேராக நீந்த, ஒரு கெளுத்தி மட்டும் வயிறு மேலாகக் கிடந்தது. நம் ஊர்க் குளத்தில் வயிறு மேலாகக் கிடப்பது செத்த மீன். சந்தையில் எவரும் தொடமாட்டார்கள். சிற்பி பிழை செய்துவிட்டான் என்று எண்ணி, தம் படத்தில் அதை நேராக்கி வரைந்துகொண்டார். நாஞ்சில் நாட்டான் செய்யக்கூடிய பிழை அது!

பிள்ளையின் செய்தி வந்தபின் மறுபடியும் போனார். ஏன் போனார்? நான் கேட்டதில்லை. அம்முறை நைல் கரைச் சந்தையில், தண்ணீர்த் தொட்டி ஒன்றில் அந்த மீனை உயிரோடு கண்டார். முதுகு வெளுப்பு, வயிறு கறுப்பு. மல்லாந்தே நீந்தியது, மல்லாந்தே நீர்ப்பரப்பில் இரை எடுத்தது. சிற்பி பிழை செய்யவில்லை! தம் படத்தை மல்லாந்தபடியே திருத்தி வரைந்தார்.

அந்நாட்டில் முற்காலத்தில் சிறுமியரின் சடை நுனியில் பொன்னால் ஒரு சிறு மீன் தொங்கவிடுவார்களாம், நீர் அவர்களைக் கொண்டுபோகாதிருக்க. அந்தப் பொன்மீனும் இந்தக் கெளுத்தியே என்று அவர் கருதினார். ஊர் திரும்பி மனைவியிடம் இதைச் சொன்னபோது அந்தத் தாய் கேட்டது ஒன்றுதான்: “அங்கத்த பிள்ளையளுக்கு மீனக் கெட்டி விட்டாவ. நம்ம பிள்ளைக்கு நாம என்னத்தக் கெட்டி விட்டோம்?”

அன்றுமுதல் அந்த அம்மையார் மல்லாந்த மீனின் படத்தைக் காணவே மறுத்தார். கணவரோ அதைத் தவிர வேறெதையும் காணாதவர் ஆனார். மாலைகளில் நாங்கள் நடக்கையில் கால்வாய்ப் பாலத்தில் நின்றுவிடுவார். தண்ணீரை உற்றுப் பார்ப்பார். ஒருமுறை, “தண்ணியில மல்லாந்து கிடக்கதெல்லாம் செத்தது இல்ல பண்டிதரே” என்றார். எனக்குத் தெரிந்த பதிகங்கள் எத்தனை! கூற்றுவனைக் காலால் உதைத்த கதைகள் எத்தனை! ஒன்றேனும் என் வாயில் வந்ததா? பாலத்தின் அடியில் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும் ஓசைதான் கேட்டது. அந்த ஓசை இந்த அவையிலும் எனக்குக் கேட்கிறது.

தம் படங்களைப் புத்தகமாக்கக் கோட்டாற்று அச்சகத்தில் கொடுத்தார். நோயில் மெலிந்தபின்னும், பிழை பார்க்க வண்டி பிடித்து வந்தார். நானும் கூட இருந்தேன். அச்சுக் கோக்கும் மரியஜான் பெருமையோடு தாளை நீட்டினார்.

“சாரே, எல்லா மீனும் ஒழுங்கா நீந்துது. இது ஒண்ணு மட்டும் கள்ளு குடிச்சவன் கணக்கா கிடந்துது. நான் நிமித்தி வச்சிருக்கேன்.”

“நிமித்தப்பிடாது வே. படைச்சவரு அத அப்படித்தான் விட்டிருக்காரு.”

“படைச்சவரு விடுவாரு. செத்த மீனப் போட்டு புத்தகம் விக்கியான்னு ஊர்க்காரன் எங்கிட்டல்லா கேப்பான்?”

“கண்ணப் பாரும். செத்த கண்ணா அது?” என்று படத்தின் மேல் விரலை வைத்துக் கேட்டார். மரியஜான் படக்கட்டையைத் திருப்பி வைக்க எடுத்துப் போனார்.

அந்தத் தாள் திருந்தி வருமுன் என் நண்பர் கண்மூடினார். அறிஞர் சிலர், படம் நேராக இருப்பதே ஒப்பிட வசதி என்கிறார்கள். நேராக்குவதா, விடுவதா? சொல்லும் உரிமை இனி அவர் மனைவி ஒருவருக்கே உண்டு. பார்க்கவே மறுத்தவரிடம் எப்படிக் கேட்பது?

நேற்று அவரே அச்சகத்துக்கு வந்தார். “காட்டுங்கோ” என்றார். மரியஜான் இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்தார். அம்மையார் இரண்டையும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“மல்லாந்து கிடந்தா இது எப்படித் திங்கும்?”

“மேல மிதக்கியதப் பாத்துத் திங்குமாம் அம்மா. சாரு சொல்லியிருக்காவ.”

“அப்போ இதுக்கு வானம் தெரியும்” என்றார் அந்தத் தாய். “அவிய வரஞ்ச மாதிரியே போடுங்கோ. ஆனா எம்பிள்ள பேர அதுக்கடியில எழுதப்பிடாது. அவ மீன் இல்ல.”

அவையோரே! நம் பேராசிரியர் முடிக்காது விட்ட நூலை நாம் முடிப்போம். கால்வாயில் அடுத்த வெள்ளம் இறங்குமுன் அது வெளிவரும். அந்தக் கெளுத்தி மல்லாந்தே இருக்கும். அதன் அடியில் இனத்தின் பெயர் மட்டுமே இருக்கும். இது இந்தக் கல்லூரியின் வாக்கு, என் வாக்கு. சகோதரி, அந்தத் தகப்பனையும் மகளையும் ஒரே கரையில் சேர்க்குமாறு உங்கள் ஆண்டவரிடமும் என் அப்பனிடமும் ஒருங்கே வேண்டுகிறேன். எல்லோரும் எழுந்து சற்றுநேரம் மௌனமாக நிற்போம்.