கண்ணுக்குள் அடைபட்ட துருசு

அவைக்குத் தலைமை தாங்கும், வயல் செய்யும் கமக்காரர் அமைப்பின் தலைவர் முத்துலிங்கம் ஐயா அவர்களே! உடையார்கட்டிலிருந்தும் தண்ணீரூற்றிலிருந்தும் காலைப் பேருந்தில் நெரிபட்டு வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்து, அலுவலை ஒதுக்கி, அன்போடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மாரே! கதிரை கிடந்தும் கதவோரம்தான் நிற்போம் என்று அடம்பிடிக்கும் இளைஞர்களே! ஒட்டுசுட்டான் மண்ணுக்குக் கண் வைத்தியர் தாட்சாயினியின் தாழ்மையான வணக்கம்.

குளுக்கோமா என்ற கண்நோய் பற்றிய என் ஆறாண்டு ஆராய்ச்சியைப் பாராட்ட இந்த விழாவை எடுத்திருக்கிறீர்கள். மாலை போட்டீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அந்த ஆராய்ச்சி எதில் தொடங்கியது தெரியுமா? என் அறிவிலா? இல்லை. என் ஆர்வத்திலா? அதுவும் இல்லை. என் வாயிலிருந்து வந்த ஒரு பிழையான சொல்லில் தொடங்கியது!

முன்வரிசையில் இருக்கும் இளையதம்பி அண்ணரைப் பாருங்கள். அவர் சம்மதித்ததால்தான் சொல்கிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் கிளினிக்குக்கு வந்தார். "அண்ணை, உங்களுக்குக் கண்ணில பிறஷர். இந்தச் சொட்டு மருந்தை ஒவ்வொரு நாளும் கண்ணில விடுங்கோ" என்றேன். வெளியில் நூறு பேர் காத்திருந்தார்கள். அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து வந்தார். வலக்கண் இருண்டிருந்தது. "மருந்து விட்டனீங்களோ?" என்று சீறினேன். அவரோ பெருமையோடு சொன்னார்: "அது ஒரு போத்தலோட முடிஞ்சுது டொக்டர். ஆனா நீங்கள் சொன்ன பிறஷருக்கு உப்பை அடியோட விட்டிட்டன். பிறஷர்க் குளிசையும் தவறாமல் விழுங்கிறன்."

சிரிக்காதீர்கள்! அன்று நான் அழுதேன். என் சொல்லை நம்பி இரண்டு வருடம் உப்பில்லாச் சோறு விழுங்கியிருக்கிறார் மனிதர். இரத்த அழுத்தம் வேறு, கண்ணழுத்தம் வேறு என்று சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் இருக்கவில்லை. இந்த நோயில் போன பார்வையை எந்தச் சத்திரசிகிச்சையாலும் மீட்க முடியாது.

வெட்கம் என்னை வீட்டில் இருக்க விடவில்லை. இந்த நோயாளர்களைத் தேடி நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுப் படி ஏறினேன். "யானை இறங்கிற நேரம், கெதியா வெளிக்கிடுங்கோ டொக்டர்" என்று துரத்திய வீட்டுக்கும் மறுநாள் போனேன். பத்துப் பேரில் ஆறு பேர் மருந்தை நிறுத்தியிருந்தார்கள். ஏன்? ஏழைகள் என்பதாலா? படிப்பில்லாதவர்கள் என்பதாலா? பெருநகரத்துக் கூட்டங்களில் அப்படித்தான் எனக்குச் சொன்னார்கள். பொய்! நிறுத்தியவர்களில் பாதிப்பேர் என் பிறஷரை மற்றப் பிறஷர் என்றே விளங்கியிருந்தார்கள்.

உடையார்கட்டில் அமராவதி அக்காவிடம் நோயை விளக்கினேன். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழி அடைபட்டால், உள்ளே நீர் முட்டி நரம்பை நசுக்கும் என்றேன். அவர் அரிசி புடைத்தபடியே கேட்டார்: "அப்ப குளத்தின்ர துருசு அடைபட்டிட்டுது எண்டு சொல்லுங்கோவன். அதுக்கு ஏன் இவ்வளவு கதை?"

அடடா! பதினான்கு வருடம் படித்த எனக்கு வராத சொல்! தண்ணீரைத் திறந்துவிடும் துருசு அடைபட்டால் குளக்கட்டு என்னாகும் என்று வன்னியில் யாருக்குத்தான் தெரியாது? துருசு என்றேன், விளங்கியது. துருசு என்றேன், கண்ணில் மருந்து விட்டார்கள். இன்று பத்துப் பேரில் எட்டுப் பேர் மருந்தை நிறுத்துவதில்லை!

இன்னும் ஒன்று. இந்த நோய் உடன்பிறந்தவர்களைத் தேடி வரும். வலிக்காது. ஓரப்பார்வையைத்தான் முதலில் தின்னும். என்ன, பின்னாலிருந்து ஒரு குரல்? "எனக்கு வயலின்ர அந்தக் கடைசித் தொங்கலில நிக்கிற குரங்கும் தெரியும் டொக்டர்!" ஓகோ, யோகநாதன் அண்ணையா! இளையதம்பி அண்ணரின் சொந்தத் தம்பி. மூன்று முறை பரிசோதனைக்கு அழைத்தும் ஒளித்துத் திரிபவர். நேரே பார்த்தால் குரங்கு தெரியும், அண்ணை. போன கிழமை சைக்கிளோடு வீதி மதகுச் சுவரில் மோதி விழுந்தீர்களே, பக்கத்திலிருந்த மதகு ஏன் தெரியவில்லை? சபை முன் கெஞ்சுகிறேன். பின்னறையில் கண் சோதிக்கும் கருவி இருக்கிறது. பத்தே நிமிடம் தாருங்கள்.

பொறுங்கள், இளையதம்பி அண்ணர் எழும்புகிறார். ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள். கேட்டீர்களா அவர் சொன்னதை? "தம்பி, நான் விளங்காமல் இழந்தனான். உனக்கு எல்லாம் விளங்கியிருக்கு. நீ என்னத்துக்கடா இழக்கப் போறாய்?"

யோகநாதன் அண்ணை எழுந்துவிட்டார்! கைதட்ட வேண்டாம், வழி விடுங்கள். தலைவர் ஐயா பொறுத்தருளுங்கள், பேச்சை இத்தோடு நிறுத்தி நானும் பின்னறைக்குப் போகிறேன். கேட்டிருந்த காதுகளுக்கு நன்றி. அவருக்குப் பின்னால் பரிசோதனை வரிசையில் நிற்கப்போகும் கண்களுக்கு வணக்கம்!