அந்தத் தாழ்ப்பாள் சிக்கவில்லை

விண்வெளிப் படம் பார்க்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் எனக்குத் தூக்கம் வந்துவிடும். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. அந்தப் படங்களை எடுத்தவன் என் தம்பி விஜயபாண்டி. அவனுக்கும் இது தெரிந்தே இருந்தது.

'வான்காவல்' வரிசையில் அவன் ஐந்து படங்கள் எடுத்தான். இருபத்தெட்டு வருட உழைப்பு. தளபதி ஆதிரனின் முகம் போட்ட தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலம் உண்டு. நிமிர்ந்த முதுகு, அளந்த பேச்சு, கொடுத்த வாக்கு. அந்தத் தளபதி யாரைப் பார்த்து எழுதப்பட்டவர் என்று ஊருக்குத் தெரியும். நானாக யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் மறுத்ததும் இல்லை.

நீங்கள் அந்தப் படங்களைப் பார்த்ததில்லை என்றீர்கள், இன்ஸ்பெக்டர் பியூலா அவர்களே. அதனால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். தளபதிக்குத் தாரிகை என்று ஒரு தங்கை. முதல் படம் தொடங்கும் முன்பே அவள் இறந்துபோயிருக்கிறாள். கப்பலில் காற்றை அடைத்துத் திறக்கும் அறை ஒன்று இருக்குமாம். அதற்குள் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டி இறந்தாள் என்று ஒரு வசனம் வரும். ஐந்து படங்களிலும் அவ்வளவுதான். எப்படி மாட்டினாள் என்பதை விஜயபாண்டி காட்டவே இல்லை.

எங்கள் தங்கை வெள்ளத்தாயும் மூச்சு முட்டித்தான் இறந்தாள். 1979, சித்திரை மாதக் கடைசி. தேவதானம் போகும் வழியில் எங்களுக்கு மாந்தோப்பு. அங்கே காய் பழுக்கப்போடும் அறை ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது. சப்பட்டை மாங்காய்களை அடுக்கி, சட்டியில் வைக்கோலும் சருகும் புகையவிட்டுக் கதவை அடைத்துவிடுவோம். மூட்டம் போடுவது என்று பெயர். பழம் எடுக்க உள்ளே போனவள் கதவு சிக்கியதால் வெளியே வர முடியவில்லை என்று ஊர் பேசியது. மதுரையில் படித்துக்கொண்டிருந்த விஜயபாண்டி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவனுக்கும் அதையே சொன்னோம்.

எங்கள் வீட்டில் மூத்தவனைக் கேட்காமல் எதுவும் வெளியே போகாது. தம்பி பெரிய ஆளான பிறகும் அதை மாற்றவில்லை. ஒவ்வொரு படத்தின் திரைக்கதையும் முதலில் என்னிடம் வரும். வலது பக்கம் அகலமாக இடம் விட்டு அச்சடித்திருப்பான். நான் பென்சிலால் திருத்தி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். தங்கையைப் பற்றிய அந்த ஒற்றை வரி வரும் பக்கத்தை நான் படிக்கும்போது மட்டும் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். ஐந்து முறை பார்த்தான். ஒரு முறையும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை.

இரண்டு வருடத்துக்கு முன்பு இறந்துபோனான். தன் காலத்துக்குப் பிறகும் அண்ணன் கையெழுத்து இல்லாமல் 'வான்காவல்' கதை படமாகக் கூடாது என்று உயிலில் எழுதியிருந்தான். அதனால்தான் அவன் மகள் வெங்கடேஸ்வரி போன தை மாதம் சென்னையிலிருந்து வந்தாள். கூடவே யுவராணி என்ற பெண்ணும் வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கதை எழுதப் போனவள்.

"பெரியப்பா, ஆறாவது படம் பின்னால போகுது. முதல் படத்துக்கு முந்தி நடந்த கதை. தளபதி எப்படித் தளபதி ஆனாருன்னு சொல்லப் போறோம்" என்றாள் வெங்கடேஸ்வரி.

"அதுக்கு என்ன அவசியம்? அவருதான் ஆயிட்டாரே."

யுவராணி சிரித்துவிட்டாள். "நீங்க இப்படிச் சொன்னா நாங்க என்னத்தத் திங்க, ஐயா?"

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பங்குனியில் திரைக்கதை வந்தது. எண்பது பக்கம் வரை ஒரு குறையும் இல்லை. எண்பத்தொன்றில் தாரிகை அந்த அறைக்குள் போகிறாள். கதவு சிக்கிக்கொள்கிறது. ஏன் சிக்குகிறது என்று யுவராணி காரணம் வைத்திருந்தாள். கதவுகளைப் பராமரிக்கும் பொறுப்பு அப்போது இளைஞனாக இருந்த ஆதிரனுடையது. மூன்று மாதமாகத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட மறந்திருக்கிறான். தன் அசட்டையால் தங்கை செத்தாள் என்ற உறுத்தலில்தான் அவன் அவ்வளவு கண்டிப்பான தளபதியாக மாறுகிறானாம்.

அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். ஊர் உலகமெல்லாம் ஆதிரனைப் பார்த்தால் எங்கள் குடும்பத்தைப் பார்க்கிற மாதிரி. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர் எங்கள் அப்பா. அவர் வீட்டில் ஒரு கீல் கிறீச்சிட்டால் யாரும் சாப்பிட உட்கார முடியாது. அந்த வீட்டில் ஒரு தாழ்ப்பாள் கவனிப்பில்லாமல் கிடந்தது என்று எப்படி எழுதலாம்? ஊர் சொன்ன அந்தப் பொய்யை நாற்பத்தைந்து வருடமாகச் சகித்துக்கொண்டிருந்தேன். அதைத் திரையிலும் காட்டுவார்கள் என்பதைச் சகிக்க முடியவில்லை.

பென்சிலை எடுத்தேன். 'தாழ்ப்பாள் சிக்கவில்லை. வாரம் தவறாமல் எண்ணெய் போடப்பட்டது' என்று ஓரத்தில் எழுதினேன்.

அடுத்த பக்கத்தில் அண்ணன் ஓடி வருகிறான், கதவை இடிக்கிறான், கதறுகிறான். 'ஓடவில்லை. நின்றுகொண்டிருந்தான்' என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் அவள் மூச்சு அடங்குவதாக இருந்தது. 'போதாது. முப்பத்தைந்து நிமிடம்.' அவன் கைகள் நடுங்குவதாக இருந்தது. அதை அடித்துவிட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டுக் கொரியரில் அனுப்பிவைத்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் இருவரும் வந்துவிட்டார்கள். நான் தோப்பில் இருந்தேன். வெங்கடேஸ்வரி போனில் யாரிடமோ பேசியபடி கார் அருகிலேயே நின்றுவிட்டாள். யுவராணி மட்டும் அந்தப் பக்கங்களோடு வந்தாள்.

"ஐயா, நீங்க திருத்துனது நான் எழுதுனத விட நல்லாருக்கு. பொய் சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கணும். முப்பத்தஞ்சு நிமிசம்னு கணக்கா எப்படிப் போட்டீய?"

"சரியானத எழுதுனேன்."

"யாருக்குச் சரி?"

"நீ எழுதுன தாழ்ப்பாளப் பாத்திருக்கியா? வா, காட்டுதேன்" என்று பழுக்கப்போடும் அறைக்குக் கூட்டிப்போனேன். நாங்கள் மூட்டம் போடுவதை விட்டு இருபது வருடம் ஆகிறது. தாழ்ப்பாளுக்கு மட்டும் இன்றும் எண்ணெய் போடுகிறேன். "உள்ள போயி நில்லு. சத்தத்த மட்டும் கேளு." போனாள். சாத்தினேன். தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

"சிக்குச்சா?"

"இல்ல, ஐயா. தெறங்க."

"அதத்தான் சொன்னேன். எங்க வீட்டுத் தாழ்ப்பாள் சிக்காது."

பிறகு கேட்டாள். குரல் மாறியிருந்தது.

"ஒங்க தங்கச்சி கதவத் தட்டுனாங்களா?"

"தட்டுனா."

"நீங்க எங்க நின்னீய?"

"இப்ப நிக்கிற இடத்துலதான்."

நடுவில் ஒரு கதவு இருந்தால் உண்மையைச் சொல்வது சுலபமாக இருக்கிறது. நீங்கள் உங்கள் வேலையில் இதைக் கவனித்திருப்பீர்கள். அவள் மறுபடியும் "தெறங்க, ஐயா" என்றாள். பிறகு "தாத்தா, தெறங்க" என்றாள். நான் யோசித்துக்கொண்டு நின்றேன். திறக்காமல் இருக்கத் தகுந்த காரணம் எதுவும் இல்லை என்ற முடிவுக்கு அநேகமாக வந்துவிட்ட நேரத்தில்தான் வெங்கடேஸ்வரி வந்தாள்.

"பெரியப்பா, யுவராணி எங்க?"

உடனே திறந்துவிட்டேன். அவள் வராமல் இருந்தாலும் திறந்திருப்பேன். அந்தப் பெண் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறாள் என்று அறிகிறேன். பயந்திருக்கிறாள், அவ்வளவுதான். மொத்தம் ஒன்பது நிமிடம்.

இனி வெள்ளத்தாய் விஷயம். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அங்கே பத்திர வேலையாகப் போனபோது, மனு எழுதும் ஒருவர் என்னைத் தனியாக அழைத்துப் பதிவு அலுவலகச் சுவரைக் காட்டினார். பதிவுத் திருமணத்துக்கு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அவள் பெயர், அப்பா பெயர், வீட்டு விலாசம். அந்த ஆளின் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். எங்களுக்குப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற இடம் இல்லை. முப்பது நாள் அந்தக் காகிதம் சுவரில் இருக்குமாம். பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பன்னிரண்டு நாளாக அப்பாவின் பெயரை வருகிறவன் போகிறவன் எல்லாம் படித்திருக்கிறான்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்வார்கள். அவள் விடுமுறைக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தாள். அன்று மத்தியானம் எனக்கு அவள்தான் சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்து, "தோப்புக்கு வாரியா, அப்பாவுக்குப் பழம் எடுத்துட்டு வருவோம்" என்றேன். சந்தோஷமாக வந்தாள். மூட்டத்துக்கு அது இரண்டாம் நாள். புகை அதிகமாக இருக்கும் நாள். கூடையைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டது நான்தான். எல்லாம் அடங்கிய பிறகு அந்த நல்ல தாழ்ப்பாளை நானே கடப்பாறையால் நெம்பி எடுத்துவிட்டு, தோப்பின் மறுகோடியில் களை வெட்டிக்கொண்டிருந்த குருவம்மாளைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். கதவு சிக்கிவிட்டது என்று சொன்னேன். நான் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் அதுதான். மறுநாளே புதுத் தாழ்ப்பாள் வாங்கிப் போட்டேன்.

அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் அவள் என்னைத் திட்டவில்லை. அந்த ஆளின் பெயரை ஒரு தடவையும் சொல்லவில்லை. முதலில் தட்டினாள். பிறகு குரல் தேயும்வரை "அண்ணே, அண்ணே" என்று மட்டும்தான் கூப்பிட்டாள். இதை யுவராணியிடம் சொல்லுங்கள். எண்பத்திரண்டாம் பக்கத்தில் தாரிகை தனியாக, பயந்துபோய்ச் சாவதாக எழுதியிருக்கிறாள். அது தவறு. அண்ணன் பக்கத்திலேயே இருக்கிறான் என்ற தைரியத்தோடுதான் அவள் போனாள்.