வீடு பார்க்கக் கூட்டிப்போன அப்பா

என் பெயரையும் தகப்பனார் பெயரையும் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் இந்தத் தாளின் தலையில் எழுதிக்கொண்டார். வயது அறுபத்தொன்பது. மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. தொழில், மர மில்லில் ரம்பத்துக்கு மரம் தள்ளுவது. மில்லை மூடிவிட்டபடியால் இப்போது இல்லை. விலாசம் என்ற இடத்தில் ரைட்டர் ஒரு கோடு போட்டிருக்கிறார். நான் சொல்லச் சொல்லத் தானே எழுதுவதாக அவர் சொன்னார். எனக்கு எழுதத் தெரியும் என்றேன். "பொழுது போயிடும் பெரியவரே" என்று சொல்லிவிட்டு, பேனாவைக் கொடுத்தார். ஆகையால் இது முழுக்க என் கையெழுத்து.

மில்லை மூடியதும் மில் கொட்டகையில் நான் இருந்த இடமும் போய்விட்டபடியால், இந்த ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தேன். எட்டு நாள் இருந்தேன். ஒன்பதாம் நாள் காலையில் மருமகனின் தகப்பனார், "சம்பந்தி, எப்ப கிளம்பறதா உத்தேசம்?" என்று கேட்டார். மகள் அடுப்படியில் இருந்தாள், வெளியே வரவில்லை. அன்றே பெட்டியை எடுத்துக்கொண்டு வீடு தேடப் புறப்பட்டேன்.

அதன் பிறகு பத்தொன்பது வீடு பார்த்தேன். எல்லா இடத்திலும் கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றதும் கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசினார்கள். ஒருவர் மட்டும் மனம் விட்டுச் சொன்னார். "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்கல்ல அலையணும், ஐயா."

அதன் பிறகு, ஒரு ஜெராக்ஸ் கடையில் மேசை போட்டிருக்கும் வீட்டுத் தரகரிடம் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தனிக் கிழவருக்கும் வீடு குடுக்க மாட்டாங்க. கல்யாணம் ஆகாத பசங்களுக்கும் குடுக்க மாட்டாங்க. ரெண்டு பேரையும் சேர்த்து நிறுத்தினா குடும்பம். நாலு வீடு முடிச்சுக் குடுங்க, அஞ்சாவது உங்களுக்கு" என்றார். அதுவரை கடையின் பின்பக்கம் தாள் கட்டுகளுக்கு நடுவில் படுத்துக்கொள்ளச் சொன்னார். அதன்படி நான்கு வீடுகளில், முன்பின் தெரியாத பையன்களுக்கு அப்பாவாகப் போய் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் எழுந்து போனதும் அவர்கள் என்னை மறந்துவிடுவார்கள். நான்கும் முடிந்த பிறகு என் வீட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "பார்ப்போம்" என்றார் தரகர்.

அந்தக் கடைக்கார அம்மா, தப்பாக அச்சான தாள்களின் பின்பக்கத்தில், அதுவரை எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் தாளைத் திருப்பிப் பார்த்தேன். அது வாடகை ஒப்பந்தம். நான் முதன்முதலாக முழுதும் வாசித்தது அதைத்தான். மிகவும் நன்றாக இருந்தது. யார் எங்கே இருக்கலாம், எத்தனை நாள் இருக்கலாம் என்பதெல்லாம் அதில் தெளிவாக இருந்தது. அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். "போதும் பெரியவரே, வியாபாரம் கெடுது" என்று கடைக்கார அம்மா சொன்னார்.

அதன் பிறகு தரகர் என்னை ஐந்தாவதாக ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். வீட்டுக்காரம்மா ஓய்வு பெற்ற டீச்சர். வந்த பையன்கள் இரண்டு பேர். ஒருவன் நெட்டையன், இன்னொருவன் சுருட்டை முடி. நான் நெட்டையனின் அப்பா. கீழ் அறையை டீச்சர் தானே திறந்து காட்டினார். கிழக்குப் பார்த்த ஜன்னல். "இது அப்பாவுக்கு. மாடிப்படி வேண்டாம். குளியலறையில பிடிச்சுக்கறதுக்கு ஒரு கம்பி வச்சுத் தரேன், வழுக்கும்" என்றார். நகரத்துக்கு வந்த பிறகு நான் வழுக்கி விழுவதைப் பற்றி யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

"பசங்க கையெழுத்து எனக்கு வேண்டாம், அப்பா போடட்டும்" என்று டீச்சர் ஒப்பந்தத்தை என் பக்கம் நகர்த்தினார். தரகர் முகம் மாறியது. "அவருக்குக் கை நடுங்கும்மா, பையனே போடட்டும்" என்றார். "நடுங்காது" என்றேன். தாளில் நெட்டையனின் சொந்தத் தகப்பனார் பெயர் அச்சாகியிருந்தது. அதை நான் வாசித்தேன். வாசித்துவிட்டு, கீழே என் பெயரை எழுதினேன். மறதியில் எழுதவில்லை, அந்த அறை எனக்கு வேண்டும் என்றுதான் எழுதினேன். டீச்சர் கண்ணாடி இல்லாமல் பார்த்து, "ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா நிக்குது, அழகா இருக்கு" என்றார்.

மூன்றாம் நாள் பெட்டியுடன் அங்கே போனேன். சுருட்டை முடி கதவைத் திறந்தான். கீழ் அறையில் மோட்டார் சைக்கிள் டயர் இரண்டும் துணிக்கொடியும் இருந்தன. "என்ன தாத்தா, வேஷம் கலைஞ்சது தெரியலையா? கிளம்புங்க" என்றான். உள்ளேயிருந்து நெட்டையன், "நிஜமாவே அப்பான்னு நினைச்சுட்டாரு போல" என்றான். இருவரும் சிரித்தார்கள். நான் கடைக்குத் திரும்பினேன்.

குளியலறையில் கம்பி வைத்த பிறகு டீச்சர் பையன்களிடம் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். ஊருக்குப் போயிருக்கிறார் என்றிருக்கிறார்கள். பிறகு உடம்பு சரியில்லை என்றிருக்கிறார்கள். பிறகு நான் இறந்துவிட்டேன் என்றிருக்கிறார்கள். அதனால் ஒப்பந்தத்தைப் பையன் பெயருக்கு மாற்றுவதற்காக, டீச்சர் அதை எடுத்துக்கொண்டு தரகரிடம் வந்தார். அப்போது நான் கடையில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"நீங்க... செத்துட்டதா சொன்னாங்களே?"

"இல்லம்மா, இன்னும் ஆகல."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்தைப் பார்த்தார். அங்கிருந்து நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுத்தார்.

இங்கே தரகர், "இவரா வந்து ஒட்டிக்கிட்டார் சார்" என்றார். நெட்டையன், "புரோக்கர் கூட்டிட்டு வந்தார் சார், யாருன்னே தெரியாது" என்றான். இன்ஸ்பெக்டர் என் மகள் வீட்டுக்குப் போன் செய்தார். சம்பந்தி எடுத்து, "அவர் அப்பவே போயிட்டாரே" என்றார். பையன்களைக் காலி செய்யச் சொல்லவா என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, "சின்னப் பசங்க, பயத்துல சொல்லிட்டாங்க, இருந்துட்டுப் போகட்டும். இந்த வயசுல பொய் சொல்றவரைத்தான் விடக் கூடாது" என்று டீச்சர் சொன்னார். நான் அவரிடம், அந்தக் கீழ் அறைக்கு நானே வந்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "பார்த்தீங்களா தைரியத்தை" என்றார்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்கப்பட்டது. ஒப்புக்கொள்கிறேன். நான் யாருடைய அப்பாவும் இல்லாமல் அப்பா என்று சொன்னேன். ஆனால் ஒப்பந்தத்தின் நான்காவது பத்தியில், கீழே கையொப்பமிட்டவர் பதினோரு மாதம் அந்த வீட்டில் குடியிருக்கலாம் என்று உள்ளது. கையொப்பமிட்டவன் நான். அதில் இரண்டு மாதம் கழிந்துவிட்டது. கோர்ட்டார் எனக்குச் சிறை கொடுத்தால், அந்த நாட்களை மீதி ஒன்பது மாதத்தில் கழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளது அத்தனையும் நடந்தபடிக்கே எழுதியது. யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் வாசித்துக் காட்டவும் இல்லை. நானே எழுதி, நானே இரண்டு தடவை வாசித்துச் சரி பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

(கையொப்பம்)