பனி தட்டிய ஞானாம்பாள்

மேடையில் அமர்ந்திருக்கும் கோயில் கமிட்டித் தலைவர் இராஜாங்கம் அவர்களே, மார்கழிக் குளிரிலும் வந்து கூடியிருக்கும் சகோதரிகளே, ஊர்ப் பெரியோர்களே! பிள்ளையாரை நினைத்துக்கொண்டு பேசுகிறேன். அழுது ஓய்ந்த குரல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாதர் வழிபாட்டு மன்றத் தலைவி ஞானாம்பாள் அக்கா போய்விட்டார். கோயிலைச் சுற்றி இன்றும் அருகம்புல் திடல் இருக்கிறதென்றால், யாரால்? அந்த அம்மையாரால்!

போன மார்கழியில் புல்லில் வட்டம் வட்டமாகக் காய்ந்த திட்டுகள் விழுந்தன. நாம் என்ன செய்தோம்? நெல்லுக்குச் செய்வதையே செய்தோம். வெளுத்ததைப் பார்த்ததும் யூரியா போட்டோம். சாயங்காலமானால் வேண்டுதல் என்று குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினோம். திட்டுகள் பெருத்தன. சிமெண்டுக் கல் பதித்துவிடலாம் என்றது கமிட்டி.

"கல்லைப் போட்டா தொல்லை விட்டுதும்மா" என்றார் தலைவர்.

"அப்ப பிள்ளையாருக்குக் கல்லையே மாலையாக் கட்டிடலாமா, தலைவரே?" என்றார் அக்கா.

தலைவரே சிரித்துவிட்டார். அடுத்த வருஷம் தைப் பொங்கல் வரை பொறுப்பதாக ஒப்புக்கொண்டார்.

அக்கா விடியலில் போய்க் குனிந்து பார்த்தார். திட்டின் ஓரத்தில், பனியோடு, சிலந்தி நூல் போல வெள்ளைப் படலம். வெயில் ஏறினால் காணாமல் போய்விடும்! வேளாண் அலுவலரை விடியலிலேயே வரவழைத்துக் காட்டினார். பூஞ்சாண நோய் என்றார் அவர். இரவெல்லாம் இலையில் நிற்கும் ஈரமும், அளவு மீறிய யூரியாவும்தான் அதை வளர்க்கின்றன என்றார். மருந்தும் சொன்னார்.

"மருந்தடிச்ச புல்லை சாமி கழுத்துல எப்படிங்க போடுறது? முதல்ல மத்ததெல்லாம் செஞ்சு பாக்குறோம்" என்றார் அக்கா.

யூரியா நின்றது. தண்ணீர் காலைக்கு மாறியது. பயிரில் புழு உதிரக் கயிறு இழுப்போமே, அதே போல ஆளுக்கொரு முனை பிடித்து, புல்மேல் கயிற்றை இழுத்துப் பனியை உதிர்த்தோம். எத்தனை குளிர்! எத்தனை முட்டிவலி! "இன்னிக்கு ஒரு நாள் வேண்டாமேக்கா" என்றால், "பூஞ்சாணம் லீவு போட்டுதாடி?" என்பார். புல் மெல்ல மூடிக்கொண்டது.

அக்கா படுத்ததிலிருந்து கயிறு இழுக்க ஆளில்லை. இன்று காலை போய்ப் பார்த்தேன். கிழக்கு மூலையில் அந்த வெள்ளை நூல் மறுபடி வந்திருக்கிறது. தலைவர் கொடுத்த கெடுவோ பொங்கலோடு முடிகிறது.

களைத்துப்போயிருக்கிறேன். பெரிய சபதம் எடுக்கத் தெம்பில்லை. நாளை விடியலில் ஒரு முனையை நான் பிடிக்கிறேன். மறு முனைக்கு ஆள் வேண்டுமே! தலைவர் அவர்களே, கல்லா புல்லா என்பதைப் பொங்கலுக்குப் பிறகு முடிவு செய்யுங்கள். நாளைக்கு நீங்களே வந்து பிடியுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள்; புல் ஈரமாக இருக்கும்.