கோணலாய்க் கூடிய எலும்பு

எலும்பில் ஒட்டிய மண்ணை எடுக்கப் புதுப் பல் பிரஷ் உதவாது. மூன்று மாதமாவது யாராவது பல் தேய்த்து அது தளர்ந்திருக்க வேண்டும். ரெமிஜியஸ் தன் வீட்டுப் பழைய பிரஷ்களைச் சேர்த்துவைத்து எனக்குக் கொண்டுவந்து தருவார். நல்ல மனிதர். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவர் ஆராய்ச்சியாளர். ஞானசேகரன் ஆகிய நான், புதைபடிவங்களைக் கல்லிலிருந்து பிரித்தெடுக்கும் ஊழியன். தொண்ணூற்றொன்றில் எங்களிடம் ஒரு தொடை எலும்பு இருந்தது. மனிதனுக்கு முந்தைய ஏதோ ஓர் இனத்தினுடையது. ஊசியும் பிரஷ்ஷுமாக அதற்கு முன்பே இரண்டு வருடம் அதைச் சுத்தம் செய்திருந்தேன். உயிரோடிருந்தபோதே நடுவில் ஒடிந்து, கோணலாகக் கூடியிருந்தது. ரெமிஜியஸ் அதைப் பத்து நிமிடம் பார்த்தார்.

“கால் ஒடிஞ்சவன் வேட்டைக்குப் போயிருக்க முடியாது. யாரோ சோறு தண்ணி குடுத்துப் பாத்திருக்காங்க. மனுஷன் இங்கதான் ஆரம்பிச்சான்” என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் குடியிருக்கும் ஒக்கலிபுரத்தில், ரயில் பாதையோரம், கால் ஒடிந்த நாய்கள் தாமாகவே பிழைத்து நொண்டித் திரிகின்றன. அவற்றுக்கு யார் தண்ணீர் வைத்தார்கள்? டீ வேளையில் எல்லோர் முன்னிலும் கேட்டேன்.

“நீ நாயோட நின்னுட்டியேப்பா சேகர். அதுக்கப்புறமும் கொஞ்சம் வளர்ச்சி இருக்கு” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தது. தமிழர் கடைகளில் கல் விழுகிறது என்று கேள்விப்பட்டதும் மதியமே எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். கீழ்த்தள எலும்பு அறையைப் பூட்டுவது என் வேலை. இறங்கிப் போனபோது ரெமிஜியஸ் ஏணியிலிருந்து விழுந்து கிடந்தார். தொடை ஒடிந்திருந்தது. என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது.

“வந்துட்டியா. கொஞ்சம் தண்ணி குடு சேகர். அப்புறம் யாரையாவது கூப்பிடு.”

சற்று நேரம் நின்றேன். பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

ஐந்து நாள் யாரும் வேலைக்கு வரவில்லை. அவர் மனைவி மௌரீன் அல்சூரிலிருந்து என் பக்கத்து வீட்டு போனுக்கு அழைத்துக் கேட்டாள். எனக்கு முன்பே கிளம்பிவிட்டார் என்றேன். அவள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடினாள். ஆறாம் நாள் நான்தான் கதவைத் திறந்தேன். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் பூட்டிவிட்டதாக நம்பி, எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

பன்னிரண்டு வருடமாக ஞாயிறுதோறும் மௌரீனுக்குக் காய்கறி வாங்கிக் கொடுக்கிறேன். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்கிறேன். அவளும் பழைய பிரஷ்ஷை எனக்காக எடுத்துவைப்பாள். இப்போது மூன்று மாதத்துக்கு ஒன்றுதான். போன ஞாயிறு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தெரிந்துகொண்டால் நிம்மதியாக இருக்கும் என்று. அவள் என் கையிலிருந்த பிரஷ்ஷைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். உங்களிடம் வந்ததும் அவள்தான்.

நான் செய்தது ஒரு சோதனை என்று அவளிடம் விளக்கினேன். யாரும் பார்க்காமல் விட்டால் எலும்பு கூடுமா என்று அறிய நினைத்தேன். ஒடிந்த எலும்பு கூடுவதன் அடையாளம் கொஞ்சமாவது தெரிய மூன்று வாரம் ஆகும்.

அது எனக்கு அன்றும் தெரியும்.