ஹுவாய் லோம் ஓடைப் பாசி

காலையில் காபி இல்லாவிட்டால் எனக்குக் கண் சரியாக வேலை செய்யாது, இன்ஸ்பெக்டர். எங்கள் தொழிலில் கண்தானே எல்லாம். சியாங் மாய் ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷமாக டயட்டம் பார்க்கிறேன். கண்ணாடி ஓடு போர்த்திய பாசி அது. ஒரு சொட்டு ஓடைநீரில் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

அதில் இரண்டு குடும்பம் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று சுத்தமான மலைநீரில் வளரும், மற்றது சாக்கடையில் கொழிக்கும். ஓட்டின் மேலுள்ள கோடுகளை எண்ணினால்தான் பிடிபடும். குறிப்பிட்ட நீளத்துக்குள் பன்னிரண்டு கோடு என்றால் சுத்தம். பதினாறு என்றால் அசுத்தம்.

ஹுவாய் லோம் என்ற ஊரின் ஓடையில் கிடைத்ததைச் சுத்தநீர்க் குடும்பத்தில் ஒரு புதுவகை என்று எழுதினேன், தெளிந்த நீரில் மட்டுமே வாழும் என்றும். எங்கள் வழக்கப்படி ஊர்ப் பெயரையே வைத்தேன். ஊரே பூரித்துப்போனது. ஊர்த்தலைவரின் மனைவி புவலா ஒட்டரிசிச் சோற்றுக்கூடையோடு ஆய்வகத்துக்கு வந்தாள். படித்தவர்கள் எல்லாருமே அவளுக்கு டீச்சர்தான்.

"எங்க தண்ணிக்குப் பேரே வச்சிட்டீங்களே டீச்சர்! இனிமே எதுக்கு விறகெரிச்சுக் காய்ச்சணும்? அப்படியே குடிக்கலாம்ல?"

நான் சிரித்தேன். சோறு நன்றாக இருந்தது.

எங்களிடம் பத்தில் ஒரு கண்ணாடித் தகட்டை இன்னொருவர் திரும்ப எண்ணவேண்டும். இரண்டு வருஷம் கழித்து ஹுவாய் லோம் தகடு என் இளைய உதவியாளர் கன்னிகாவின் கைக்குப் போனது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. மூணு தடவ எண்ணிட்டேன், பதினாறுதான் வருது. மேல பன்னிப்பண்ணைக் கழிவு கலக்குதுக்கா. ஊர்ல சொல்லிடலாம்."

"உன் கண்ணுக்கு இன்னும் பழக்கம் பத்தாதுடி" என்றேன். அப்போதுதான் எனக்கே முதல் சந்தேகம். ஆனாலும் அவளை வேறு பிரிவுக்கு மாற்றினேன், அவள் தாள்களைக் கிழித்தேன். அச்சேறிய பெயர் இன்ஸ்பெக்டர், அது என் மானம்.

அந்த மழைக்காலத்தில் ஊரில் ஒன்பது பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. நான்கு பிள்ளைகள் போய்விட்டன. புவலாவின் கடைக்குட்டியும் போய்விட்டான். சாவுக்குப் போனேன். அழுதுகொண்டே கிண்ணத்தில் தண்ணீர் நீட்டினாள்.

"குடிங்க டீச்சர், தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க. நம்ம ஓடத் தண்ணிதான்."

உதட்டில்கூடப் படாமல் கீழே வைத்தேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. இன்றுவரை அந்தக் கூச்சம் போகவில்லை.

கண் தவறிவிட்டது என்று சொல்லத்தான் இங்கே வந்தேன். சந்தேகம் கன்னிகா சொல்லி வந்தது என்றேனே, வாக்குமூலத்தில் அதை அடித்துவிடுங்கள். பெயர் வைத்த அன்றே நான் எண்ணினேன். பதினாறு இருந்தது. பன்னிரண்டு என்று எழுதினேன்.