வரிசையில் நிற்க வந்தவர்

ஸ்ரீரங்கம் கோயிலில் பெருமாளைச் சேவிக்கும் வரிசை நகரவே இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. எனக்கு முன்னால் கைத்தடியோடு உள்ளூர்ப் பெரியவர் ஒருவர். அவருக்கு முன்னால் காட்டூரிலிருந்து வந்திருந்த விவசாயி.

"முன்னால வந்துருங்க சாமி, சீக்கிரம் சேவிச்சுட்டுப் போகலாம்" என்றார் விவசாயி.

"வேண்டாம். நான் சேவிக்க வரலை. நிக்க வந்திருக்கேன்."

"நிக்கவா?"

"போன வருஷம் வாதம் வந்து இடது கை, கால் விழுந்துடுத்து. இப்ப நடக்கறேன், ஆனா தள்ளாடறது. ரெண்டு கால்லயும் மாத்தி மாத்திப் பாரம் குடுத்து நிக்கணும், ஒரு காலுக்கு முன்னால இன்னொரு காலை ஒட்டி வெக்கணும்னு ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்தா. தனியா மட்டும் பண்ணப்படாதாம். பக்கத்துல ஆள் வேணுமாம்."

"வீட்டுல யாரும் இல்லீங்களா?"

"பிள்ளை பம்பாயில. ஆம்படையாள் போய்ச் சேர்ந்துட்டா. இங்கேன்னா முன்னால ஒருத்தர், பின்னால ஒருத்தர். சாஞ்சாலும் விழ விடமாட்டா."

பின்னால் நின்றவன் நான்தான். இன்னும் அரையடி நெருங்கி நின்றுகொண்டேன்.

வரிசை ஓரடி நகர்ந்தது. பெரியவர் ஒரு காலின் குதியை மறுகால் விரலோடு ஒட்டி வைத்தார், உடம்பு சாய்ந்தது. விவசாயி அவர் முழங்கையைப் பிடித்தார்.

"சேவிச்சுட்டு வீட்டுக்குத்தானே?"

"மறுபடியும் கடைசியில வந்து நிப்பேன். இன்னிக்கு இது மூணாவது தடவை."

"பெருமாள் கோவிச்சுக்க மாட்டாருங்களா?"

"அவருக்கென்ன? படுத்துண்டே இருந்தாலும் ஊரே வரிசையில வந்து பாக்கறது. நான் படுத்தா எட்டிப் பாக்க யார் இருக்கா?"